மதுரையை விட்டுப் போனால் எதையெல்லாம் மனசு தேடும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். 22 வருஷம் மதுரையில் குடியிருந்துவிட்டு, கணவரின் வேலை மாற்றலால் அடுத்த மாதம் கோயம்புத்தூருக்குக் கிளம்புகிறீர்கள். "அதே தமிழ்நாடு, அஞ்சு மணி நேர பஸ், இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்க" என்கிறார் வீட்டுக்காரர். உங்களுக்கோ அடிவயிற்றைப் பிசைகிறது. போன பிறகு எதையெல்லாம் தேடுவேன், கிளம்புமுன் என்ன செய்துகொள்ளலாம் என்று கேட்கிறீர்கள்.

நான் 1988இல் கல்யாணமாகி மதுரைக்கு வந்தவள். தெற்குவாசல் பக்கம் 31 வருஷம். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து, ஓய்வு பெற்ற கையோடு 2019இல் மகன் வீட்டுக்குக் கோவை வந்துவிட்டேன். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் என்று நீங்கள் போகப்போகும் அதே பாதைதான்.

கிளம்பும்போது நானும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மீனாட்சி அம்மன் கோயில், ஜிகர்தண்டா, கறிதோசை, மகால், இதையெல்லாம் நினைத்து உருகப்போகிறேன் என்று. அந்தக் கணக்கு முக்கால்வாசி தப்பு. ஊருக்கு வரும்போதெல்லாம் இவை இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. போகிறேன், பார்க்கிறேன், சாப்பிடுகிறேன், திரும்பி வருகிறேன். விருந்தாளியாக வந்தாலும் கிடைக்கிற எதற்கும் மனசு ரொம்ப அடித்துக்கொள்வதில்லை. குடியிருக்கிறவளுக்கு மட்டும் கிடைக்கிற சில்லறைச் சங்கதிகள் இருக்கின்றன பாருங்கள், அவைதான் படுத்துகின்றன.

பூவையே எடுத்துக்கொள்வோம். கோவையில் மல்லிக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்திலேயே சத்தியமங்கலம், அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மல்லி போட்டுத் தள்ளுகிறார்கள். மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு வாங்கியது. இதழ் தடிமன், காம்பு நீளம், அதனால் தொடுக்க வாகு, சீக்கிரம் வாடாது. இந்த வித்தியாசத்தை மூக்கு முதல் நாளே கண்டுபிடித்துவிடும், மூன்றாம் மாதம் பழகியும்விடும். நான் தேடியது பூக்காரம்மாவின் கையை.

எங்கள் தெருமுனையில் சாயங்காலம் நாலரைக்குக் கோணியை விரித்து உட்காருவார். ஈரத்துணி மூடிய தட்டுக்கூடை, பக்கத்தில் வாழைநார் ஊறிக் கிடக்கும் ஒரு சின்னச் சட்டி. தொடுக்கும்போது கையைப் பார்க்கவே மாட்டார். தெருவைப் பார்த்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை விசாரித்துக்கொண்டு, இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நாரை ஒரு சுற்று, ஒரு இழுப்பு. முழம் போடும்போது மட்டும் கண் சரத்துக்கு வரும். நடுவிரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஒரு முழம். தெரியாத ஆள் என்றால் விரல் லேசாக மடங்கியிருக்கும், அளவு அரை அங்குலம் விழுங்கும். தெரிந்த ஆளுக்கு விரல் நீட்டி நிற்கும், முழங்கையைத் தாண்டி நாலு பூ அதிகம் போகும். பனிக்காலத்தில் பூ வரத்து குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும் அல்லவா, அந்த நாட்களில் ஒரு கிள்ளு மட்டும் நறுக்கிக் கொடுத்து, "சாமிக்கு மட்டும் வையி தாயி, தலைக்கு நாளைக்குப் பாப்போம்" என்பார். காசு வாங்கமாட்டார்.

எனக்காக அந்த விரல் எந்த வருஷம் நிமிர்ந்தது என்று நான் கவனித்ததே இல்லை. கோவையில் முதல் நாள் பூ வாங்கும்போதுதான் கவனித்தேன். மடங்கியிருந்தது.

அடுத்தது திசை. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய மதுரைக்காரர்களுக்கு இடது வலது கிடையாது. மேக்க, கெழக்க, தெக்க, வடக்கதான். மேலமாசி வீதி, கீழ ஆவணி மூல வீதி, தெற்குவெளி வீதி என்று விலாசத்திலேயே திசை ஏறி உட்கார்ந்திருக்கிறது. கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக வீதிகள். அதற்கும் வெளியே கோட்டைச் சுவர் நின்ற இடத்தில் வெளி வீதிகள். 19ஆம் நூற்றாண்டில் பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையில் இருந்த பெருமாள் மேஸ்திரி, மாரட் இரண்டு பேர் பெயரிலும் இன்றைக்கும் வீதிகள் இருக்கின்றன.

எந்த மாதத் திருவிழாவுக்குச் சாமி எந்த வீதியைச் சுற்றி வந்ததோ, அந்த மாதமே அந்த வீதிக்குப் பெயர். ஆனால் சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில். முன்பு மாசியில் நடந்த திருக்கல்யாணத்தையும் தேரையும், அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரையோடு சேர்த்து வைத்தவர் திருமலை நாயக்கர். மாதம் மாறியது, தேர் பழைய வீதியை விடவில்லை என்பது பெரியவர்கள் சொல்லும் காரணம். வகுப்பில் இதைச் சொன்னபோது, "அப்ப சித்திரை வீதிக்காரங்க சண்டைக்கு வரலையா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிற விஷயம். புத்தகத்தில் இல்லாதது என்னவென்றால், இப்படி ஒரு ஊரில் முப்பது வருஷம் நடந்தால் உடம்புக்குள் ஒரு திசைகாட்டி வளர்ந்துவிடுகிறது. எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கோபுரங்கள் தெரியும். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக்கூடாது என்று விதி இருப்பதால் வந்த பாக்கியம் அது. தெற்குக் கோபுரம்தான் இருப்பதில் உயரம், 160 அடிக்குக் குறையாது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்த மாதிரி. வடகிழக்கே யானைமலை, காலை மடக்கிப் படுத்த யானையாக. தென்மேற்கே பரங்குன்றம். நாலு பக்கமும் ஆள் நிறுத்திக் காவல் போட்டது போல இருக்கும்.

கோவையில் மூன்றாவது மாடி. குடிபோன அன்று விளக்கேற்ற உட்கார்ந்தேன், கிழக்கு எது என்று தெரியவில்லை. மகன் போனை எடுத்து அதில் இருந்த திசைகாட்டியைக் காட்டினான். பால் காய்ச்சியபோது வராத அழுகை அப்போது வந்தது. அப்புறம் ஒரு நாள் நூறடி ரோட்டில் நின்று, "தம்பி, நான் வடக்க போகணுமா, தெக்க போகணுமா?" என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "லெஃப்ட்ல போயி ரைட் எடுங்கம்மா" என்றார். ஊருக்கு மேற்கே மலை நீளமாகச் சுவர் மாதிரி நிற்கிறது. அழகான மலை, யானைமலையைவிடப் பல மடங்கு பெரிசு. இன்னும் என் கண்ணுக்கு அது எந்த மிருகமாகவும் தெரியவில்லை.

தையல்காரர் கதையையும் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம் இருக்கிறதே, பெயர்தான் புது. வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டியது, 17ஆம் நூற்றாண்டு. 124 தூண். நான் இருந்த காலம் முழுக்கத் தூணுக்குத் தூண் நடுவே கடை. தையல் மெஷின், பித்தளைப் பாத்திரம், வளையல், குங்குமம், சாமி புத்தகம். யாளியின் காலடியில் இஞ்ச் டேப் தொங்கும். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே கல் குளிர்ச்சியாக இருக்கும், பத்து மெஷின் ஒரே நேரத்தில் ஓடும் சத்தம் கல்லில் பட்டு மழை மாதிரி கேட்கும்.

அங்கே இருந்த என் தையல்காரரிடம் நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு. என் பக்கத்தில் 1989இலிருந்து ஜாக்கெட் அளவு இருந்தது. அளவு மாறினால் பழைய எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் புது எண். இரண்டு பிரசவம், ஒரு டைபாய்டு, ஐம்பது வயதுக்கு மேல் போட்ட சதை, எல்லாம் அங்குலக் கணக்கில் அந்தப் பக்கத்தில் பதிவாகியிருந்தது. அளவு ஜாக்கெட் கொண்டுவரச் சொன்னதே இல்லை. "டீச்சர், போன தடவைக்கு ஒரு அரை இஞ்சு விட்டுருக்கேன்" என்பார். நான் குண்டாகிவிட்டதை அதைவிட மரியாதையாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

நான் கிளம்பிய பிறகு, மண்டபத்துக் கடைகளை எல்லாம் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். வரலாறு சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் அது சரி என்றுதான் சொல்வேன், கல்தூணுக்கும் மூச்சுவிட இடம் வேண்டும். ஆனால் அடுத்த தடவை ஊருக்குப் போய்க் காலியான மண்டபத்தைப் பார்த்தபோது, நான் தேடி வந்த இடம் எனக்கு முன்னாலேயே குடிபெயர்ந்துவிட்டது தெரிந்தது. இதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். நீங்கள் விட்டுப்போன மதுரை உங்களுக்காகக் காத்திருக்காது. பெரியார் பஸ் ஸ்டாண்டை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள், நத்தம் ரோட்டில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் பாலம் வந்தது, புது நூலகம் வந்தது. இரண்டு வருஷம் கழித்து வந்தால் நீங்களே ஆட்டோக்காரரிடம் வழி கேட்பீர்கள். அவர் உங்களை வெளியூர் என்று நினைத்து வாடகை சொல்வார். வலிக்கும், ஆனால் தூங்க முடியாத அளவுக்கு வலிக்காது.

தூக்கம் என்றதும் ராத்திரி ஞாபகம் வருகிறது. தூங்கா நகரம் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வது உங்களுக்குத் தெரியும். வீட்டுப் பெண்ணுக்கு அதன் அர்த்தமே வேறு. மகன் படிக்கிற காலத்தில் ரயில் தாமதமாகி ராத்திரி பதினொன்றரைக்கு வந்து இறங்குவான்; அடுப்பு மூட்ட வேண்டிய கவலையே எனக்கு இருந்ததில்லை. இலையில் ஆவி பறக்க நாலு இட்லி, மூன்று வகைச் சட்னி, கேட்டால் சால்னா. கோவையில் ராத்திரி ஒன்பதரைக்கு விருந்தாளி வந்தால் முதலில் என் கண் மாவுப் பாத்திரத்தைத்தான் பார்க்கிறது.

மதுரையில் அதே ஒன்பதரை வாக்கில் கோயிலில் பள்ளியறைப் பூஜை. பகலில் சாமி பார்க்க வருகிற கூட்டம் வேறு, இந்தக் கூட்டம் வேறு. சொக்கரின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து, நாதஸ்வரத்தோடு அம்மன் சந்நிதிப் பள்ளியறைக்கு எடுத்து வருவார்கள். வீட்டில் சாப்பாட்டுக் கடையை முடித்துவிட்டு, சேலையைக்கூட மாற்றாமல் நடந்துபோய் நிற்கிற அக்கம்பக்கத்து ஆட்கள் பாதிப் பேர். எனக்கு என்ன மனக்கஷ்டம் இருந்தாலும் அங்கே போய் நின்றுவிட்டு வருவேன். வேண்டுதல் ஒன்றும் கிடையாது. சாமி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு நானும் வீட்டுக்குப் போவேன், அவ்வளவுதான். ஊருக்கு விருந்தாளியாகப் போகும்போது இது வாய்ப்பதே இல்லை. தங்குகிற வீட்டில் "இந்நேரத்துக்கு எங்க போறீங்க" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

சாப்பாட்டில் நான் உண்மையாகவே தேடியது ஒன்றே ஒன்று, பருத்திப்பால். இருமல் வந்தால், மழை பெய்தால், ஒன்றுமே இல்லாவிட்டாலும், சாயங்காலம் தள்ளுவண்டியில் ஒரு டம்ளர். இதை நீங்களே செய்துகொள்ளலாம், அதனால் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டம்ளர் பருத்திக்கொட்டையை நன்றாகக் கழுவி ராத்திரி ஊறவையுங்கள். தனியாக ஒரு கைப்பிடி பச்சரிசியும் ஊறட்டும். காலையில் கொட்டையை அரைத்து மூன்று தடவை பால் பிழிந்து, துணியில் வடிகட்டுங்கள். தோலும் பிசிறும் பாலில் தங்கக்கூடாது, தொண்டையில் உறுத்தும். பாலை அடுப்பில் ஏற்றிப் பொங்கி வரும்போது அரைத்த பச்சரிசி மாவைக் கரைத்து ஊற்றிக் கைவிடாமல் கிண்ட வேண்டும். கெட்டிப்பட்டதும் கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலக்காய், கடைசியில் தேங்காய்த் துருவல். கொட்டை வாங்கும்போது விதைப்புக்கு மருந்து தடவியதாக இல்லாமல் பார்த்து வாங்குங்கள், இது முக்கியம். என் மருமகள் முதல் தடவை குடித்துவிட்டு, "மாட்டுக்குத்தான அத்தே வைப்பாங்க" என்றாள். இப்போது அவளே ஊறவைக்கிறாள்.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டும் தமிழ்தானே என்று நினைப்போம். மளிகைக்கடையில், "தம்பி, அந்த மூட்டைய அங்கிட்டு தள்ளி வையிப்பா" என்றேன். "எங்கீங்க?" என்றார். மறுபடியும் அங்கிட்டு என்றேன். "அக்கட்டாலயா? அப்புடிச் சொல்லுங்க" என்று தள்ளி வைத்தார். வெள்ளன வா, பைய நட, வெஞ்சனம் என்ன வச்ச, லந்து பண்ணாத, இந்த மாதிரி வார்த்தைகள் ஒவ்வொன்றாக என் வாயிலிருந்து உதிர்ந்து போயின. சொல்லிவிட்டு விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தால் யாருக்குத்தான் அலுக்காது?

அதைவிடப் பெரிய இழப்பு வசவு. மதுரையில் பாசம் வசவாகத்தான் வெளியே வரும். பத்து நாள் தெருவில் ஆளைக் காணவில்லை என்றால், "எங்கத்தா போய்த் தொலஞ்ச, கண்ணுலயே படல" என்று எதிர்வீட்டு அக்கா சத்தம் போடுவார். அதில் உள்ள அக்கறை நமக்குத் தெரியும். கோவையில் எல்லோரும் "வாங்க, போங்க, சாப்ட்டீங்களா" என்று அவ்வளவு பதமாகப் பேசுகிறார்கள். முதல் வருஷம் முழுக்க, இந்த ஊரில் யாருக்கும் என் மேல் கோபிக்கிற உரிமை இல்லையே என்று ஏங்கிக் கிடந்தேன். அப்புறம் ஒரு நாள் மாடிப்படியில் சைக்கிளை நிறுத்தியதற்காகக் கீழ்வீட்டு அம்மா, "ஏனுங்க, உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?" என்று கேட்டார். மரியாதை குறையாமலேயே திட்ட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றையிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

வைகையைத் தேடுவீர்களா என்றால், தேடுவீர்கள், ஆனால் தண்ணீர் ஓடுகிற வைகையை அல்ல. அதைப் பார்த்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அணையில் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் கோரிப்பாளையத்துக்குப் போகும் பழைய பாலத்தில், 1889இல் கட்டியது, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஆபீஸ் போகிறவர், மீன்கூடைக்காரம்மா, யூனிஃபார்மில் பிள்ளைகள், யாரும் யாரிடமும் ஒன்றும் பேசுவதில்லை. "தண்ணி வந்துருச்சு" என்று ஒருவர் சொல்வார், எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறோம். கோவையில் சிறுவாணித் தண்ணீர் குழாயிலேயே வருகிறது, இனிப்பாக இருக்கிறது. அதற்காக யாரும் வண்டியை நிறுத்துவதில்லை.

சரி, தேடவே தேடாதவற்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சித்திரை, வைகாசி வெயில். உப்புத் தண்ணீர். காது கிழிய அலறும் குழாய் ரேடியோ. காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் ரோட்டை மறித்து வைக்கும் ஃபிளெக்ஸ். சிம்மக்கல்லில் சாயங்காலம் ஆறு மணி. இவற்றை எல்லாம் நினைத்து உருகுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவர் ஊரைவிட்டுப் போய் ரொம்ப வருஷம் ஆகியிருக்கும்.

கிளம்புமுன் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். ரேஷன் கார்டு, கேஸ், வாக்காளர் பட்டியல் எல்லாம் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார், பார்க்கட்டும். நீங்கள் வேறு சிலதைப் பாருங்கள்.

கடைசி மாதத்தில் பெரிய இடங்களுக்கு அலையாதீர்கள். நான் அப்படித்தான் மகாலுக்கும், தெப்பக்குளத்துக்கும், காந்தி மியூசியத்துக்கும் போய் போட்டோ எடுத்து நாளை வீணடித்தேன். அந்த நேரத்தில் தையல்காரரிடம் போய் அந்த நோட்டுப் பக்கத்தை ஒரு படம் எடுத்திருக்கலாம். உங்களுக்கும் அப்படி ஒரு நோட்டு எங்கேயாவது இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அரைவை மில்லில் உங்கள் மசாலாப் பொடிக்கு என்ன விகிதம் என்று மில்காரரிடம் எழுதி வாங்குங்கள். நாம் சொல்கிற விகிதம் ஒன்று, மல்லியும் மிளகாயும் இருக்கிற இருப்பைப் பார்த்து அவர் கூட்டிக் குறைக்கச் சொல்வது இன்னொன்று. கோவைக்கு வந்து ஒரு வருஷம் என் மீன்குழம்பு எனக்கே பிடிக்கவில்லை. காரணம் இதுதான்.

மல்லிக்கன்று ஒன்று தொட்டியில் வைத்து எடுத்துப் போங்கள். மதுரை மல்லிக்குக் கன்று வருவது ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்திலிருந்து. அந்த மணலில் வேர்விட்ட கன்றைத்தான் உசிலம்பட்டிக்காரரும் திருமங்கலத்துக்காரரும் வாங்கி வந்து நடுகிறார்கள். அதனால் உங்கள் மாடித் தொட்டியில் வராது என்று நினைக்க வேண்டாம். நல்ல வெயில் படுகிற இடம் வேண்டும். கார்த்திகை கடைசி, மார்கழி வாக்கில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்துவிட்டால் பங்குனியில் பூக்கத் தொடங்கும். என்னிடம் இரண்டு செடி இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு கை பூ. சாமிக்குக் காணும்.

அம்மியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நான் போனேன். லாரிக்காரர்கள் ஏற்றும்போதே முறைத்தார்கள். மூன்றாவது மாடியில் ஒரு தடவை இஞ்சி தட்டினேன், கீழே பிள்ளை தூங்குகிறது என்று ஆள் வந்துவிட்டார்கள். இப்போது அது பால்கனியில் கிடக்கிறது, அதன்மேல் துளசித் தொட்டி.

மளிகைக்கடை அண்ணாச்சியின் பாக்கியை மறக்காமல் முடித்துவிடுங்கள். நான் கடைசி நாள் போய்க் கணக்கைக் கேட்டேன். "இருக்கட்டும் டீச்சர், அடுத்த தடவ வரும்போது பாத்துக்கலாம்" என்பார் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, வரி வரியாகக் கூட்டி, 1,340 ரூபாய் என்று சொல்லி, வாங்கி எண்ணி, கல்லாவில் போட்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் போன். "டீச்சர், ஒங்க பக்கத்த இப்பத்தான் கிழிச்சேன். துவரம்பருப்ப ரெண்டு தடவ எழுதிருக்கேன். எண்பத்தஞ்சு ரூவா ஒங்களுக்கு வரணும். ஜிபேல போடவா?" போட வேண்டாம் என்றேன். ஆறு மாதம் அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருந்தாரே என்பதில் என் மனசு நின்றுவிட்டது.

கடைசியாகச் சித்திரை. இதற்கு மருந்து கிடையாது, சொல்லிவிடுகிறேன். அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மதுரை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. மற்ற ஊர்களுக்கு அது சாதாரண வேலை நாள். உங்கள் வீட்டுக்காரர் காலையில் டிபன் பாக்ஸ் கேட்பார், பிள்ளைக்குப் பள்ளிக்கூட வேன் வந்து ஹார்ன் அடிக்கும். 31 வருஷமாக அந்த நாளில் எங்கள் வீடு சத்திரமாக இருந்தது. மேலூர்ப் பக்கத்து நாத்தனார் குடும்பம், அவர்களோடு வந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று மொட்டை மாடியில் பாய் விரிக்க இடமிருக்காது. "ஏம் மதினி, இன்னும் ரெண்டு பேருக்கு ஒலை வையி" என்று நாத்தனார் குரல் கொடுத்தால் அது ஏழு பேர் என்று அர்த்தம். நான் சலித்துக்கொள்ளாத வருஷமே கிடையாது.

அதற்கு முந்தின நாள், ஊருக்குள் வரும் அழகரை ஜனங்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை முடிந்து அழகர் தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்குவார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடி, தங்கக் குதிரையில் ஏறி, விடியும் நேரத்தில் வைகைக்கு வருவார். ஆற்றுக்குள் நிற்க இடமிருக்காது. தோல்பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். பெண்கள் கையில் நாட்டுச்சர்க்கரை நிரப்பி வாழையிலை மூடிய சொம்பு, அதன்மேல் சூடம் எரியும். பெட்டிக்குள் இருக்கும் பட்டுகளில் எந்த நிறம் அன்றைக்குச் சாமிக்கு வருகிறது என்பதுதான் கூட்டத்தின் பேச்சு முழுக்க. பச்சை என்றால் அந்த வருஷம் மழை பெய்து நாடு செழிக்கும்.

கோவைக்கு வந்த பிறகு டிவியில் நேரலை பார்க்கிறேன். சாமி நன்றாகவே தெரிகிறது, நேரில் நின்று பார்த்ததைவிடப் பக்கத்தில். இருந்தாலும் அழகர் ஆற்றுக்குள் இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் டிவியை அணைத்துவிடுவேன். ஆறு மணி வாக்கில் போன் வரும். பின்னால் கொட்டுச் சத்தம், "கோவிந்தா" சத்தம், யாரோ யாரையோ தேடிக் கத்துவது, அதற்கு நடுவே நாத்தனார் மூச்சிரைக்கப் பேசுவார். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"என்ன பட்டு?"

"பச்சை மதினி. பச்சைப் பட்டு. நீ டிவில பாக்கலையா?"

பார்க்கவில்லை என்பேன்.